மாவு வியாபாரத்துக்கு 10 லிட்டர் சாய்க்கும் கிரைண்டர்: எதுவரை இழுக்கும், எங்கே நிற்கும்

மதுரையில் மாவு வியாபாரம் தொடங்க நினைப்பவர் கிரைண்டர் கடையில் கால் வைத்ததும் பெரும்பாலும் காட்டப்படுவது ஒரே எந்திரம்தான்: 10 லிட்டர் டிரம், 1 எச்பி சிங்கிள் பேஸ் மோட்டார், பூட்டை விடுவித்துக் கைப்பிடியை இழுத்தால் முன்னால் சாயும் ஸ்டீல் உடம்பு. கம்பெனி எதுவானாலும் உள்ளமைப்பு ஏறத்தாழ ஒன்று. ஆகவே இந்த மதிப்புரை ஒரு பிராண்டைப் பற்றியது அல்ல, இந்த அளவைப் பற்றியது. தள்ளுவண்டி இட்லிக் கடைக்கும் தெருமுனை மளிகைக் கடைக்கும் நாள்தோறும் மாவு போட்டு, அதையே தொழிலாக வளர்க்க நினைப்பவருக்கு இது எதுவரை கைகொடுக்கும் என்பதுதான் கேள்வி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். நல்ல எந்திரம், தொடக்கத்துக்குச் சரியான அளவு. ஒன்றை வைத்து நாளைக்கு 50 கிலோ மாவு பதறாமல் தரலாம். அதற்கு மேல் ஆர்டர் வந்தால் இதை விற்றுவிட்டு 20 லிட்டர் வாங்குவதைவிட, இதே போல இன்னொன்றைப் பக்கத்தில் நிறுத்துவதே மேல்.

டிரம் எவ்வளவு கொள்ளும்

10 லிட்டர் என்று போட்டிருப்பது டிரம்மின் கொள்ளளவு. அதில் 7, 8 லிட்டருக்கு மேல் போனால் மாவு ஓரத்தில் வழியும், குழவிக்கு அடியில் போகாது. உளுந்துக்கும் அரிசிக்கும் கணக்கு வேறு. 1 கிலோ உளுந்து ஊறி, தண்ணீர் வாங்கி, பொங்கி 5 லிட்டருக்குமேல் வந்துவிடும். எனவே ஒரு தடவைக்கு ஒன்றரைக் கிலோ உளுந்துதான் உச்சம். அரைக் கிலோவுக்குக் கீழே போட்டால் வேறு தொல்லை: டிரம் சுற்றும், உளுந்து ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றும், ஆட்டுகிறவர் கையால் தள்ளிக்கொண்டே நிற்க வேண்டும். அரிசி 4 கிலோ வசதி. 5 கிலோ போடலாம் என்று கடையில் சொல்வார்கள். போட்டால் கெட்டியாக இருக்கும்போது மோட்டார் திணறும், தண்ணீர் சேர்த்தால் வழியும்.

ஆக, இந்த எந்திரத்துக்குப் பொருத்தமான ஒரு ஈடு என்பது 4 கிலோ இட்லி அரிசி, 1 கிலோ முழு உளுந்து, 25 முதல் 30 கிராம் வெந்தயம். ஊறுவதிலும் ஆட்டுவதிலும் சேரும் தண்ணீரோடு இது சுமார் 12 கிலோ மாவு காணும். உளுந்து பழசாக இருந்தால் இதே அளவுக்கு 11 கிலோகூடத் தேறாது. மூட்டை வாங்குமுன் 1 கிலோ வாங்கி ஆட்டிப் பார்த்து, எவ்வளவு காணுகிறது என்று எடை போட்டுக்கொள்வது அவசியம். கீழமாசி வீதியில் நாலு கடையில் நாலு விலைக்கு உளுந்து கிடைக்கும். கிலோவுக்கு 5 ரூபாய் குறைத்து வாங்கிய உளுந்து ஒரு கிலோ மாவைக் குறைத்தால் அது மலிவான சரக்கு அல்ல.

நேரக் கணக்கு இது. உளுந்து 30 முதல் 35 நிமிடம். சாய்த்து வழிக்க 5 நிமிடம். அரிசி 20 முதல் 25 நிமிடம். மறுபடி வழித்து, ஒரு அலசு அலசி அடுத்த ஈட்டைப் போட 10 நிமிடம். ஒன்றேகால் மணி நேரத்துக்கு 12 கிலோ. ஆறு மணி நேர வேலையில் நான்கு ஈடு நிம்மதியாக முடியும். ஐந்தாவது போட்டால் மோட்டாருக்கும் ஆளுக்கும் ஓய்வு இருக்காது. 50 கிலோ என்று மேலே சொன்னது இப்படி வந்ததுதான்.

சாயும் அமைப்புக்குத் தரும் கூடுதல் பணம் முதல் வாரத்திலேயே நியாயமாகிவிடும். நிலையாக நிற்கும் கிரைண்டரில் குழவியைத் தூக்கி வைத்துவிட்டுக் குனிந்து அள்ள வேண்டும். நாளைக்கு எட்டு முறை அப்படி அள்ளினால் இடுப்பு போய்விடும். இதில் ஒரு கையால் சாய்த்து, அகலப் பாத்திரத்தை நேர்கீழே வைத்தால் போதும். ஆனால் டிரம்மின் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் சாய்கிறது என்று அளந்து பார்த்து வாங்க வேண்டும். சில உருப்படிகளில் 20 லிட்டர் பாத்திரம் அடியில் நுழையாது. பிறகு எந்திரத்துக்கு மேடை கட்ட வேண்டிவரும்.

சூடுதான் முதல் எதிரி

கல் உரசினால் சூடு வரும். மதுரை வெயிலில், சித்திரை வைகாசியில், மேல்தொட்டித் தண்ணீரே கை பொறுக்காத சூட்டில் வரும்போது, மூன்றாவது ஈட்டில் மாவு வெதுவெதுப்பாக இறங்கும். வெதுவெதுப்பான மாவு நாலைந்து மணி நேரத்தில் பொங்கிப் புளித்துவிடும். காலையில் கடைக்குப் போன பாக்கெட் மத்தியானம் பலூன் போல உப்புவதற்குக் காரணம் இதுதான். பல புது மாவுக்காரர்கள் பாக்கெட் கவரைக் குறை சொல்லிக்கொண்டு கவர் கம்பெனியை மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

செய்ய வேண்டியது: கல் குளிர்ந்திருக்கும்போது உளுந்தை முதலில் ஆட்டுவது. உளுந்தில் காற்று பிடிக்க வேண்டும், சூடேறினால் பிடிக்காது. உளுந்து ஊறுவது 2 மணி நேரம் போதும். கோடையில் ஃபிரிட்ஜுக்குள் ஊறட்டும். ஆட்டும் தண்ணீரில் பாதியை ஐஸ் தண்ணீராக வைத்துக்கொண்டு, மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை அரை டம்ளர் தெளித்துத் தெளித்து விட வேண்டும். ஒரேயடியாக ஊற்றினால் உளுந்து நீர்த்துப்போய்க் கடைசிவரை பொங்காது. ஒரு சொட்டு மாவை டம்ளர் தண்ணீரில் விட்டால் மிதக்க வேண்டும்; அதுதான் பதம். அரிசியை மெல்லிய ரவைப் பதத்தில் எடுத்துவிட வேண்டும். மையாக ஆட்டினால் இட்லி ஒட்டும், நேரமும் கூடும், சூடும் கூடும். 12 கிலோவுக்கு 120 முதல் 150 கிராம் உப்பு.

இதில் கிரைண்டரின் பங்கு எவ்வளவு? குழவியின் அழுத்தத்தைத் திருகிக் கூட்டிக் குறைக்க வசதியுள்ள உருப்படியில் சூடு குறைவு. உளுந்துக்கு இறுக்கியும் அரிசிக்குச் சற்றுத் தளர்த்தியும் ஓட்டலாம். அந்தத் திருகு இல்லாத மலிவு உருப்படியை இந்தத் தொழிலுக்கு வாங்கவே வேண்டாம்.

ஆட்டி முடித்த பிறகு குளிரூட்டுவது கிரைண்டர் கடைக்காரர் பேசாத விஷயம். 50 கிலோ மாவை வீட்டு ஃபிரிட்ஜில் அடுக்கினால் ஓரத்துப் பாக்கெட் குளிரும், நடுவில் இருப்பது விடியும்வரை சூடாகவே இருக்கும். பாக்கெட்டைத் தட்டையாகத் தட்டி, நடுவில் விரல் அளவு இடம் விட்டு, தட்டுத் தட்டாக வைக்க வேண்டும். முதல் கிரைண்டருக்குப் பணம் ஒதுக்கும்போதே குளிர்பெட்டிக்கும் ஒதுக்காதவர், 30 கிலோவிலேயே நின்றுபோவார். எந்திரம் தயாராக இருக்கும். மாவை வைக்க இடம் இருக்காது.

கெடும் இடங்கள்

புதுக் கல்லில் மணல் இருக்கும். பழைய அரிசி 2 கிலோ ஊறவைத்து ஆட்டிக் கொட்டிவிட வேண்டும். இரண்டு மூன்று முறை இப்படிச் செய்த பிறகு மாவை விரலில் தேய்த்தால் நறநறப்பு இருக்கக் கூடாது. முதல் வாடிக்கையாளரின் பல்லில் மணல் கடிபட்டால் அந்தத் தெருவை மறந்துவிட வேண்டியதுதான்.

பெல்ட் நனைந்தால் வழுக்கும். மோட்டார் ஓடும், டிரம் மெதுவாகச் சுற்றும், ரப்பர் வாசனை வரும். கழுவும்போது ஹோஸ் பைப்பை அடிப்பகுதியில் பீய்ச்சுவதே இதற்குக் காரணம். பெல்ட்டின் மேல் அச்சிட்ட எண்ணைக் குறித்துக்கொண்டு அதே அளவில் ஒன்றை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். விடியற்காலை 4 மணிக்கு எந்தக் கடையும் திறந்திருக்காது.

மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை என்றால் கோளாறு பெரும்பாலும் மோட்டாரைக் கிளப்பிவிடும் கண்டன்சரில்தான். சின்ன செலவு. ஆனால் உறுமும்போதே சுவிட்சைப் போட்டுப் போட்டுப் பார்த்தால் காயில் கருகும். அது பெரிய செலவு. ஊர்ப்புறத்தில், மாலையில் வோல்டேஜ் இறங்கும் இடங்களில் இது அடிக்கடி நடக்கும். மாவு நிறைந்த டிரம்மோடு எந்திரத்தைக் கிளப்பாமல், காலி டிரம்மை ஓடவிட்டுப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவது மோட்டாரின் ஆயுளைக் கூட்டும். பாதியில் கரண்ட் போய் வந்தால் மாவில் கொஞ்சத்தை வழித்துவிட்டுக் கிளப்ப வேண்டும்.

நடுத்தண்டின் அடியில் கசிவைத் தடுக்கும் வளையமான ஆயில் சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங்குக்குள் இறங்கும், கிரீஸ் மாவுக்குள் ஏறும். தண்டைச் சுற்றிக் கறுப்பு வளையம் தெரிந்தால் அன்றே நிறுத்திவிட வேண்டும். துடைத்துவிட்டு ஓட்டுவது மக்கள் சாப்பிடும் பொருளில் செய்யக் கூடாத வேலை.

இவற்றையெல்லாம்விடக் கண்ணுக்குத் தெரியாத கோளாறு ஒன்று உண்டு. அடிக்கல்லும் ஸ்டீல் டிரம்மும் சேரும் ஓரத்தில் பூச்சு விட்டுப்போய் மயிரிழை இடைவெளி விழும். அதற்குள் அரிசி போய் உட்கார்ந்து புளிக்கும். மறுநாள் புது மாவில் அதுவே உறைமோர் போல வேலை செய்யும். அரிசி நல்லது, தண்ணீர் நல்லது, ஐஸும் போட்டாயிற்று, இருந்தும் மாவு சீக்கிரம் புளிக்கிறது என்றால் முதலில் விரல் நகத்தால் அந்த ஓரத்தைச் சுரண்டி முகர்ந்து பார்க்க வேண்டும். வேலை முடிந்ததும் பிரஷ் போட்டுத் தேய்த்து, கொதித்த தண்ணீரைச் சற்று ஆறவைத்து ஊற்றி, டிரம்மைச் சாய்த்த நிலையிலேயே இரவு முழுக்கக் காயவிடுவது நல்லது. நிமிர்த்தி வைத்தால் அடியில் ஈரம் நிற்கும். இடைவெளி பெரிதானால் சர்வீஸ் ஆளை வைத்து உணவுக்கு ஏற்ற பூச்சால் அடைக்க வேண்டும். சிமென்ட் வைத்து அடைக்கும் வேலை வேண்டாம்.

கல் நாளடைவில் வழுவழுப்பாகிவிடும். உளுந்துக்கு 35 நிமிடம் ஆனது 50 நிமிடம் ஆகிறதென்றால் கல் கொத்த வேண்டிய நேரம் வந்துவிட்டது. கொத்திய பிறகும் மணல் போக்க அரிசி ஆட்டிக் கொட்ட வேண்டும்.

ஈரத் தரையில் நின்று இயக்கும் எந்திரம் இது. எர்த் கம்பி சரியாக இருப்பதோடு, மின்கசிவு வந்தால் கரண்டைத் தானே துண்டிக்கும், 30 மில்லிஆம்பியரில் விழும் ஆர்சிசிபி ஒன்றையும் போட்ட பிறகே முதல் ஈட்டை ஆட்ட வேண்டும். இதில் சிக்கனம் வேண்டாம்.

தண்ணீரும் சாக்கடையும்

ஒரு ஈட்டு மாவுக்குள் போகும் தண்ணீர் ஏழு லிட்டருக்குள்தான். அரிசி களைவது, டிரம் அலசுவது, பாத்திரம் கழுவுவது எல்லாம் சேர்ந்தால் அதைப் போல நாலைந்து மடங்கு. போர் தண்ணீர் உப்பாக இருக்கும் பகுதிகளில் மாவு மங்கலாகும், டிரம்மில் வெள்ளைப் படலம் படியும். மாவுக்குள் போகிற தண்ணீரை மட்டுமாவது நல்ல தண்ணீராக வைக்க வேண்டும். கழுவிய கஞ்சித் தண்ணீர் திறந்த சாக்கடையில் நின்றால் இரண்டே நாளில் நாறும். பல மாவு வியாபாரங்கள் வாடிக்கையாளர் இல்லாமல் நிற்பதில்லை, பக்கத்து வீட்டார் புகாரில்தான் இடம் மாறுகின்றன. வாடகைக்கு இடம் பார்க்கும்போது சாக்கடை இணைப்பைப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுப்பது புத்திசாலித்தனம்.

ரூபாய்க் கணக்கு

விலைகள் மாறும், கணக்குப் போடும் முறை மாறாது. அரிசி கிலோ 45, உளுந்து 130 என்று வைத்துக்கொண்டால் ஒரு ஈட்டுக்கு அரிசி 180, உளுந்து 130, வெந்தயமும் உப்பும் 10, மொத்தம் 320 ரூபாய். 12 கிலோவுக்கு வகுத்தால் கிலோ 27 ரூபாய் சரக்கு. கவர், லேபிள் 3. கரண்ட், தண்ணீர் 1. இந்த மோட்டார் மணிக்கு ஏறத்தாழ ஒரு யூனிட்தான் இழுக்கும். உதவி ஆளுக்கு நாளைக்கு 500, பெட்ரோலுக்கு 100.

நாளைக்கு 50 கிலோ போட்டால் ஆள் கூலி கிலோவுக்கு 10, பெட்ரோல் 2. அடக்க விலை 43 ரூபாய். ஒரு கிலோ பாக்கெட்டின் விலை 50 என்று அச்சிட்டு, கடைக்காரருக்கு 7 ரூபாய் விட்டால் கையில் வருவதும் 43. மிச்சம் ஒன்றுமில்லை. உரிமையாளர் தன் உழைப்பைப் போட்டு அந்த 500 ரூபாயை மிச்சம் பிடித்தால்தான் வருமானமே.

அதே ஆள், இரண்டு கிரைண்டர், 100 கிலோ என்றால் கூலி கிலோவுக்கு 5 ஆகும், பெட்ரோல் 150 வைத்தாலும் ஒன்றரை. அடக்கம் 37.50. கிலோவுக்கு 5.50 நிற்கும், நாளைக்கு 550. ஆனால் திரும்பி வரும் ஒவ்வொரு பாக்கெட்டும் 37.50 ரூபாயைத் தின்றுவிடும், அதாவது ஏழு பாக்கெட் லாபம். 100-க்கு 13 திரும்பினால் அன்றைய நாள் வீண். ஆகவே வளர்வது என்றால் புதுக் கடைகளைப் பிடித்துக்கொண்டே போவது அல்ல. ஒவ்வொரு கடையிலும் எந்தக் கிழமை எத்தனை பாக்கெட் போகிறது என்று நோட்டுப் போட்டு, அதற்கு ஒன்று குறைவாகவே இறக்குவதுதான் பணத்தைக் காக்கும். சனி இரவும் ஞாயிறு காலையும் ஏறும் விற்பனை திங்களன்று சட்டென்று இறங்கும். அதே அளவு ஆட்டினால் ரிட்டர்ன் குவியும்.

இட்லிக் கடைகளுக்குத் தூக்குவாளியில் மொத்தமாகப் போடுவது தனிக் கணக்கு. கிலோ 39, 40 தான் கிடைக்கும். ஆனால் கவர் செலவு இல்லை, ரிட்டர்ன் இல்லை. ராத்திரி முழுக்க இட்லி வேகும் ஊர் இது. மொத்த வாடிக்கை நான்கு பிடித்தால் கிரைண்டர் சும்மா நிற்காது. ஆபத்து கடனில்தான். வாரக் கடைசியில் தருகிறேன் என்பவர் இரண்டு வாரம் இழுத்தால், 20 கிலோ வாடிக்கையில் பதினோராயிரம் ரூபாய் வெளியே நிற்கும். அந்தப் பணம் அடுத்த உளுந்து மூட்டைக்கானது. ஒரு வாரத்துக்கு மேல் கடன் இல்லை என்பதை முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

20 லிட்டர் ஒன்றா, 10 லிட்டர் இரண்டா

இரண்டு கிரைண்டர் இருந்தால் ஒன்றில் உளுந்தும் ஒன்றில் அரிசியும் ஒரே நேரத்தில் ஓடும். உளுந்துக் கல்லில் அரிசி படாததால் நடுவில் அலசும் வேலையும் குறையும். 12 கிலோ 40 நிமிடத்தில் முடிந்துவிடும். ஒன்று பழுதானால் மற்றது அரை நாள் ஆர்டரையாவது காப்பாற்றும். மாவு வாடிக்கை ஒரு நாள் தவறினாலே அடுத்தவர் பாக்கெட்டுக்குக் கைமாறிவிடும் என்பதால் இந்தக் காப்பு பெரியது. 20 லிட்டரின் மோட்டார் பெரிது, சாதாரண வீட்டு ஒயரிங் தாங்காமல் போகலாம், விற்பனை குறைந்த நாளில் சின்ன ஈடு போட்டால் சரியாக ஆடாது. 200 கிலோவைத் தாண்டி, மூன்று பேஸ் இணைப்பும் எடுத்த பிறகே பெரிய டிரம்முக்கு அர்த்தம் உண்டு. வீட்டு இணைப்பில் வியாபார எந்திரம் ஓட்டுவது பிடிபட்டால் அபராதம் வரும். குடிசை, குறுந்தொழிலுக்கு உரிய கட்டணப் பிரிவு கிடைக்குமா என்று மின்வாரிய அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்வது லாபம்.

வாங்கும்போது

கடையிலேயே ஆறு லிட்டர் தண்ணீர் ஊற்றி 15 நிமிடம் ஓடவிடச் சொல்லுங்கள். ஓடும்போது உடம்பு நடுங்கக் கூடாது, சாய்க்கும் பூட்டு ‘டக்’கென்று விழ வேண்டும், சாய்த்த டிரம் கையை விட்டாலும் அங்கேயே நிற்க வேண்டும். மோட்டார் செம்புக் காயிலா என்பதைப் பில்லில் எழுதி வாங்க வேண்டும். கல்லும் பெல்ட்டும் பொதுவாக வாரண்டியில் வராது. வீட்டு உபயோக மாடலை வியாபாரத்துக்கு வாங்கினால் வாரண்டியே செல்லாமல் போகலாம். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு உண்டு. அதனாலேயே எல்லாப் பெட்டியிலும் கோவை என்று எழுதியிருக்கும். தயாரிப்பாளர் முகவரியையும், அதைவிட முக்கியமாக, மதுரைக்குள் சர்வீஸ் ஆள் யார் என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மானியக் கடனுக்கு விண்ணப்பிக்கும் எண்ணம் இருந்தால் அவசரப்பட்டு எந்திரத்தை வாங்கிவிடக் கூடாது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் போன்றவை புதுத் தொழிலுக்கானவை; கொட்டேஷன் வாங்கி, திட்ட அறிக்கையில் சேர்த்து, கடன் அனுமதியான பிறகே கொள்முதல். நடப்பு விதியை மாவட்டத் தொழில் மையத்தில் நேரில் கேட்பது நல்லது. சிறு, குறுந்தொழில்களுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம். அதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகரிடம் போக வேண்டாம். உணவுப் பாதுகாப்புத் துறையின் 14 இலக்க எண், நிகர எடை, தயாரித்த தேதி, விலை, முகவரி இவை பாக்கெட்டில் இருக்க வேண்டும். எலக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை. நாளைக்கு 100 கிலோ போட்டாலும் ஆண்டு விற்பனை 16 லட்சத்தைத் தொடாது. தமிழ்நாட்டில் பொருள் விற்பனைக்கு ஜிஎஸ்டி பதிவு கட்டாயமாகும் 40 லட்ச வரம்புக்கு அது வெகு கீழே. பேரங்காடிகள் மட்டும் பதிவு எண் கேட்கும்.

பழைய கிரைண்டர் பாதி விலைக்குக் கிடைத்தால் வாங்கலாமா? மூன்று இடத்தைப் பார்த்துவிட்டு வாங்கலாம்: அடிக்கல் ஓரத்து இடைவெளி, நடுத்தண்டைச் சுற்றிய கறுப்பு, குழவியின் தேய்மானம் ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கிறதா என்பது. முதல் இரண்டும் பழுது பார்க்கக் கூடியவை. மூன்றாவது இருந்தால் புதுக் குழவியும் கொத்துக் கூலியும் சேர்த்துப் புது எந்திர விலைக்கு அருகே வந்துவிடும்; விட்டுவிடுங்கள்.